தறிச் சத்தத்தில் தூங்கிய நாய்

என் நாயைக் கண்டு தெருவே பயந்தது. ஆனால் தெருவைக் கண்டு என் நாய் அதைவிட அதிகமாகப் பயந்தது. இது எனக்கு மட்டும்தான் தெரியும்.

தைரியமாகக் குரைக்கிற நாய் முன்னால் வரும். இது குரைத்துக்கொண்டே பின்னால் போகும். சுவரில் முதுகு முட்டி, இனிமேல் போக இடமில்லை என்று ஆன பிறகுதான் பாயும். வால் எப்போதும் காலுக்கு நடுவில்தான் இருக்கும். குரைத்து ஓய்ந்த பிறகு முதுகில் கை வைத்தால், ஓடுகிற தையல் மிஷினின் மேல் கை வைத்த மாதிரி உடம்பு முழுக்க உதறும். அதெல்லாம் கிட்டே வந்து தொட்டுப் பார்க்கிறவர்களுக்குத்தானே தெரியும். தெருவில் போகிறவர்களுக்குப் பல் மட்டும்தான் தெரிந்தது.

திருப்பூர் மண்ணரையில் ஒரு லைன் வீட்டில் நான் குடியிருக்கிறேன். வரிசையாக நாலு வீடு, எல்லாரும் வந்து போக ஒரே நடை, அது தெருவில் ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு தண்ணீர்க் குழாய். என்னுடையது முதல் வீடு. உள்ளே யார் வந்தாலும் என் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். கம்பெனியில் தைத்து முடித்த பனியன்கள் மூட்டை மூட்டையாக எனக்கு வரும். தையல் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிற நூலைச் சின்னக் கத்திரியால் வெட்டி, மடித்து அடுக்கிக் கொடுக்க வேண்டும். பிசிறு வெட்டுகிற வேலை என்று சொல்வோம். உட்கார்ந்த இடத்தில் செய்யலாம், யாரோடும் பேச வேண்டியதில்லை. எனக்கு ஆட்கள் முன்னால் பேச்சு வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றதற்குக்கூடப் பாதிக் காரணம், வாத்தியார் எழுப்பிக் கேள்வி கேட்பாரே என்கிற பயம்தான். வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் எனக்கும் சேர்த்து அவர் பேசினார். அவர் காலமாகி, மகளையும் கரூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்த பிறகு, பனியனும் நானுமாக இருந்தோம்.

நாய் வந்தது எங்கள் தெருக் கோடியில் இருந்த வேஸ்ட் குடோனிலிருந்து. கட்டிங்கில் மிஞ்சுகிற துணியை அங்கேதான் மலை மாதிரி குவித்து வைப்பார்கள். அந்தக் குடோனைக் காலி செய்தபோது, துணிக் குவியலுக்குள் ஒரு பெட்டைக் குட்டி கிடந்தது. மூட்டை தூக்குகிறவர்கள் அதன் தலைக்கு மேல் மூட்டையாக வீசியிருக்கிறார்கள். அது இருந்தது அவர்களுக்குத் தெரியாது. அன்றைக்கு என் வீட்டுக்குள் ஓடிவந்து கட்டிலுக்கு அடியில் புகுந்ததுதான். தண்ணீர் வைத்தேன், குடிக்கவில்லை. நான் அந்தப் பக்கம் திரும்பிப் பிசிறு வெட்ட ஆரம்பித்த பிறகு குடித்தது. யாரும் பார்க்காதபோது சாப்பிடுகிற பழக்கம் எனக்கும் உண்டு. அதனாலேயே அதை வெளியே விட மனம் வரவில்லை.

பேர் எதுவும் வைக்கவில்லை. கண்ணு என்று கூப்பிட்டேன். எங்கள் பக்கம் சின்னவர்கள் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவோம். இதில் ஒரு வேடிக்கை. பக்கத்து வீட்டில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த ஒரு பெண்ணும் அவள் புருஷனும் குடியிருந்தார்கள். இரண்டு பேரும் பனியன் கம்பெனியில் டெய்லர்கள். அவளையும் நான் கண்ணு என்றுதான் கூப்பிடுவேன்.

"பெரியம்மா, இப்ப என்னையக் கூப்பிட்டியளா, நாயைக் கூப்பிட்டியளா?"

"உன்னையத்தான் கண்ணு."

"அப்ப அது ஏன் வாலை ஆட்டுது? சரி, நாங்க ரெண்டு பேரும் வாரோம், என்னன்னு சொல்லுங்க."

அவளிடம் மட்டும்தான் எனக்கு அவ்வளவு பேச்சு.

நாய் வளர வளரப் பயமும் வளர்ந்தது. தலையில் தோளில் எதைத் தூக்கிக்கொண்டு யார் வந்தாலும் அதற்கு ஆகாது. சிமென்ட் மூட்டையும் ஒன்றுதான், தண்ணீர்க் குடமும் ஒன்றுதான். குக்கர் விசிலுக்குக் குரைக்கும். ஷிப்ட் விடுகிற நேரத்தில் டிபன் பாக்ஸ் சத்தம் கேட்டால் குரைக்கும். சீட்டுப் பிடிக்கிறவர்கள், கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள், சும்மா பேச வருகிறவர்கள் எல்லாரும் தெருவிலேயே நின்று கூப்பிட ஆரம்பித்தார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கு அது சௌகரியமாகத்தான் இருந்தது.

எங்கள் ஊரில் எதைக் கட்டுவதென்றாலும் பனியன் துணிதான். கேட் கொண்டி விட்டுப்போனால் பனியன் துணி, குழாய் ஒழுகினால் பனியன் துணி, கட்டில் கால் ஆடினால் பனியன் துணி. கயிறு கழுத்தை அறுக்கும், இது மெத்தென்று இருக்குமே என்று நாயையும் அதிலேயே கட்டினேன். நீளத் துண்டுகளைப் பின்னி, நடையின் பாதி வரைக்கும்தான் எட்டும்படி அளந்து கட்டியது. அந்த இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடும் போட்டோம். அந்தப் பக்கம் நடந்தால் பயமில்லை என்று நாலு வீட்டுக்கும் சொல்லியாகிவிட்டது.

பனியன் துணி இழுத்தால் நீளும். திருப்பூரில் கைக்குழந்தைக்கும் தெரிந்த விஷயம். நாலு வீட்டிலும் அந்தத் துணியில் பிழைக்கிறவர்கள்தான் இருந்தோம். ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை.

குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியில் எனக்கு மூட்டை கொண்டுவந்து போடுகிறவர் நல்ல மனுஷர், எங்கள் பக்கத்துக்காரர்தான். அன்றைக்கு அவர் தோளில் மூட்டையோடு கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, எங்கே இறக்கட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். நாய் சுவரில் முட்டியது. பிறகு பாய்ந்தது. கோட்டோடு நிற்க வேண்டியது, துணி நீண்டு ஒரு முழம் தாண்டிப் போய் அவர் கெண்டைக்காலைப் பிடித்துவிட்டது.

அவர் சத்தம் போடவில்லை. மூட்டையைப் போட்டுவிட்டுக் குழாயடியில் போய் உட்கார்ந்தார். பக்கத்து வீட்டுப் பெண் சோப்பை எடுத்துக்கொண்டு ஓடினாள். நான் பின்னலை இழுத்து நாயைப் பிடித்துக்கொண்டேன். அவர் காலைக் கழுவிக்கொண்டே அந்தப் பின்னலைப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, இதுலயா கட்டி வெச்சிருக்கீங்க?"

"ஆமாங்க தம்பி."

"இதுல கட்டுனா இது அவிநாசி வரைக்கும் எட்டுமுங்களே."

பக்கத்து வீட்டுப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"சிரிக்காதீங்க அம்மிணி. செக்கிங்ல ஓட்டைன்னு தள்ளி வெச்ச பனியனாட்டம் நான் உக்காந்திருக்கறேன், உங்களுக்குச் சிரிப்பா இருக்குது."

அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டார். நாய்க்கும் ஊசி போடச் செய்தோம். அடுத்த தடவை அவர் வருவாரா, இல்லை மூட்டையே நின்றுபோகுமா என்று நான் கலங்கிப்போய் இருந்தேன். வந்தார். மூட்டையை வாசலிலேயே இறக்கிவிட்டு நின்றார். கம்பெனியில் என்ன சொன்னீர்கள் என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"வண்டிக் கதவு இடிச்சுப்போட்டுதுன்னு சொன்னனுங்க. நாயின்னா ஆயிரம் கேள்வி கேப்பாங்க. கதவுன்னா ஒண்ணுங் கேக்க மாட்டாங்க."

அவருக்கு நான் என்ன செய்து ஈடு கட்ட முடியும்? இன்றைக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு இரும்புச் சங்கிலி வாங்கிக் கட்டினேன். அது இன்னும் மோசமானது. நாய் திடுக்கிட்டு எழுந்தால் சங்கிலி சலசலக்கும், அந்தச் சத்தத்துக்கே மறுபடி திடுக்கிடும். தன்னைத்தானே பயமுறுத்திக்கொண்டு சுற்றிச் சுற்றி வரும். வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினால் கதவைப் பிராண்டிக் கால் நகமெல்லாம் ரத்தம். எங்கேயாவது சந்தைப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்று மகள் போனில் சொன்னாள். பயந்த நாயைச் சந்தையில் விடுவதும் கிணற்றில் போடுவதும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது. அவளிடம் உம் கொட்டிவிட்டு வைத்துவிட்டேன்.

இப்படியே இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருப்பேன். ஆனால் பக்கத்து வீட்டுப் பெண் வயிற்றில் பிள்ளை, மாசம் ஏறிக்கொண்டு வந்தது. கம்பெனி வேலையை நிறுத்தியிருந்தாள். அவளுக்குத் தாய் இல்லை. பிரசவத்துக்குப் போய் இருக்க ஊரில் வீடு இல்லை, இங்கேதான். நான் இருக்கிறேன் கண்ணு என்று சொல்லியிருந்தேன்.

ஒரு நாள் பகலில் வீட்டுக்குப் பின்னால் ஏதோ விழுகிற சத்தம் கேட்டது. நாய் குரைத்தது. எட்டிப் பார்த்தால் சாக்கடை ஓரத்துச் சந்தில் அந்தப் பெண் உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் குடம் கவிழ்ந்து கிடக்கிறது. அந்தச் சந்தில் ஆள் நடப்பதில்லை. ஒரு காலை வைத்து மறுகாலை வைக்க இடம் இருக்காது, பாசி பிடித்துக் கிடக்கும்.

"ஒண்ணுமில்ல பெரியம்மா, லேசா வழுக்கிட்டு. உக்காந்துதான் இருக்கேன், விழல."

"இங்க எதுக்குக் கண்ணு வந்தே? நடையில வரதுக்கென்ன?"

அவள் குடத்தை நிமிர்த்தி வைத்தாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. குடம் தூக்கிக்கொண்டு என் வாசலைத் தாண்டினால் நாய் பாயும் என்று, வயிற்றுப் பிள்ளையோடு இத்தனை நாளும் அந்தச் சந்து வழியாகத்தான் தண்ணீர் கொண்டுபோயிருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. முகம் சுளித்ததில்லை. கையைக் கொடுத்துத் தூக்கினேன். அவள் என்னைச் சமாதானப்படுத்தினாள்.

"அதுவும் பயந்துக்கிட்டுதான கெடக்கு, பாவம். போன ஞாயித்துக்கெழம சர்ச்சுல அதுக்கும் சேத்து ஜெபம் பண்ணுனேன்."

"என்னன்னு பண்ணுனே?"

"அதுக்குப் பயம் போகணும்னு. எனக்கு அதைக் கண்டு இருக்க பயமும் போகணும்னு."

அன்றைக்குப் பிசிறு வெட்டிக்கொண்டே யோசித்தேன். நாளைக்குக் குழந்தை பிறக்கும். அழும். தவழ்ந்து நடைக்கு வரும். நடையில் இந்த நாய் இருக்கும். இரண்டையும் ஒரே நடையில் வைத்துக்கொள்ள முடியாது. நாயை யாருக்காவது கொடுக்க வேண்டும். கொடுக்கிற இடத்தில் அது அடிபடக் கூடாது.

மூட்டைக்காரரிடம் சொன்னேன். பல்லடம் தாண்டி ஒரு கோழிப்பண்ணையில் காவலுக்கு நாய் கேட்கிறார்கள் என்றார். அவரே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றும் சொன்னார். கடிபட்டவர் அவர்.

குட்டியானையில் பின்னால் மூட்டைகளுக்கு நடுவே நாயோடு நானும் உட்கார்ந்துகொண்டேன். முன்னால் உட்காருங்கள் என்று அவர் எவ்வளவோ சொன்னார். பல்லடம் ரோட்டில் பஸ்காரர்கள் ஹாரன் அடிக்கும்போதெல்லாம் நாய் தன் தலையை என் முழங்காலுக்குக் கீழே செருகிக்கொண்டது. பனியன் மூட்டை வாசனைக்கு நடுவில் நாங்கள் இரண்டு பேரும் எங்கே போகிறோம் என்பது எனக்குத் தெரிந்திருந்தது, அதற்குத் தெரியாது. அந்த நினைப்புத்தான் தாங்க முடியவில்லை.

பண்ணைக்காரர் கெட்டவர் இல்லை. எனக்கு நாற்காலி போட்டார், டீ கொடுத்தார்.

"நல்லாக் குரைக்குமுங்களா?"

"குரைக்குமுங்க."

"யாரு வந்தாலுமா?"

"யாரு வந்தாலுமுங்க."

"அப்பறமென்னுங்க, இதேதான் எனக்கு வேணும். சோத்துக்கு ஒரு குறையும் வெக்க மாட்டோமுங்கம்மா."

கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கல் நட்டிருந்தது, அதில் சங்கிலி தொங்கியது. அப்போது தீவன லாரி ஒன்று வந்து நின்றது. ஆட்கள் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தக் கல்லை ஒட்டியே வரிசையாகப் போனார்கள், வந்தார்கள். நாய் குரைக்கக்கூட இல்லை. என் காலுக்கு நடுவில் புகுந்து, நின்ற இடத்திலேயே மூத்திரம் விட்டது. என் சேலை கீழே எல்லாம் நனைந்துபோனது.

வேண்டாமுங்க என்றேன். சத்தம் வெளியே வரவில்லை. அவர் என்னங்கம்மா என்று குனிந்தார். மறுபடி சொன்னேன். இந்தத் தடவை வந்தது.

"வேண்டாமுங்க. இது காவலுக்குக் குரைக்கறது இல்லீங்க. பயத்துல குரைக்கறதுங்க."

"எதுக்குக் குரைச்சா என்னுங்க? திருடனுக்கு அது தெரியவா போகுது?"

அவர் சொன்னதில் தப்பு இல்லை. இருந்தாலும் மூன்றாவது தடவையும் வேண்டாமுங்க என்று மட்டும் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. இவ்வளவு தூரம் வந்தீர்களே என்று ஒரு அட்டை முட்டை கொடுத்து அனுப்பினார்.

வண்டியை எடுக்கும்போது மூட்டைக்காரர் சொன்னார்.

"உங்களுக்கு இவ்வளவு பேச வருமுன்னு இன்னைக்குத்தானுங்கம்மா தெரிஞ்சுது."

"ஒரு வார்த்தையத்தான தம்பி திருப்பித் திருப்பிச் சொன்னேன்."

"அதைத்தானுங்க சொல்றேன்."

திரும்பி வருகிற வழியில் என் வீட்டுக்காரருடைய அக்கா வீடு இருக்கிறது. நங்கை என்று கூப்பிடுவேன். நனைந்த சேலையோடு மண்ணரை வரைக்கும் வர முடியாது, அங்கே நிறுத்தச் சொன்னேன். நங்கையும் அவர் மகனும் விசைத்தறி ஓட்டுகிறார்கள். வீட்டை ஒட்டியே தறிக்குடோன். பகல் முழுக்கத் தறி ஓடும். அங்கே இரண்டு பேர் பேசுவதென்றால் கையாலும் உதட்டாலும்தான். எத்தனையோ வருஷமாக அந்தச் சத்தத்திலேயே இருந்து நங்கைக்குக் காது அநேகமாகப் போய்விட்டது. நாய்க்கு ஒரு இடம் தேடி அலைந்த இத்தனை நாளில் அவர் ஞாபகமே எனக்கு வரவில்லை. குக்கர் விசிலுக்குப் பயப்படுகிற நாயைத் தறிக்குடோனுக்குக் கொண்டுபோக யாருக்குத் தோன்றும்?

நாயை வண்டியிலேயே விட்டுவிட்டு உள்ளே போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு வந்தேன். வண்டி காலியாக இருந்தது. கழுத்தில் கட்டியிருந்த பட்டையை உருவிக்கொண்டு நாய் போய்விட்டது. மூட்டைக்காரர் பஸ் போகிற ரோட்டைப் பார்த்து ஓடினார். நான் வீட்டைச் சுற்றி ஓடினேன். கண்ணு, கண்ணு என்று கூப்பிடுகிறேன், தறிச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. பண்ணையில் அந்தச் சங்கிலியில் கட்டிப் போட்டிருந்தாலாவது உயிரோடு இருந்திருக்குமே என்று அந்த நேரத்தில் நினைத்தேன்.

நங்கை குடோன் வாசலில் நின்று கையை ஆட்டிக் கூப்பிட்டார். போனேன். உள்ளே விரலால் காட்டினார். தறிக்கும் சுவருக்கும் நடுவே கழிவு நூல் குவிந்து கிடந்தது. அதன் மேல் நாய் படுத்திருந்தது. செத்துக் கித்துப் போய்விட்டதோ என்று குனிந்து பார்த்தேன். வயிறு ஏறி இறங்கியது. தறி தடதடவென்று அடிக்கிறது, தரை அதிர்கிறது, இது தூங்கிக்கொண்டிருக்கிறது. பகலில் அது கண்ணை மூடி நான் பார்த்ததே இல்லை.

பிறகு யோசித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. எங்கள் நடையில் சும்மா இருக்கும், திடீரென்று ஒரு சத்தம் வரும். மறுபடி சும்மா இருக்கும், அடுத்தது எப்போது வருமோ என்று காதைத் தீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இங்கே ஒரே சத்தம். அதற்குள் கேட் திறப்பதும் மூட்டை விழுவதும் எல்லாம் மூழ்கிப்போகிறது. காதுக்கு அங்கேதான் ஓய்வு கிடைத்திருக்கிறது.

வெளியே வந்து நங்கையிடம் விஷயத்தைச் சொன்னேன். நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. மூட்டைக்காரர்தான் பக்கத்தில் நின்று அவர் காதில் கத்திச் சொன்னார்.

"அதுக்கென்ன, உட்டுட்டுப் போ புள்ள."

"குரைக்குமுங்க நங்கை."

"என்னங்கறா?"

"ரொம்பக் குரைக்குமாமுங்க," என்று மூட்டைக்காரர் கத்தினார்.

"குரைக்கட்டும். எனக்கென்ன கேக்கவா போகுது?"

பக்கத்து வீட்டுக் குழந்தை பிறந்து, தலை நின்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பேசி விட்டுவிட்டு வந்தோம். கொடுத்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. விட்டுவைத்திருப்பதாகத்தான் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு நடை வெறிச்சென்று இருந்தது. மூட்டை வந்தால் குரைக்க ஆள் இல்லை. மூன்றாம் வீட்டுக்காரியும் நாலாம் வீட்டுக்காரியும் என் வாசலில் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். முதலில் எனக்கு மூச்சு முட்டியது. பிசிறு வெட்டிக்கொண்டே உம் கொட்டினேன். கொஞ்ச நாளில் நானும் ஒன்றிரண்டு சொன்னேன். அவர்கள் வந்து உட்கார வேண்டும் என்று எனக்கே தோன்றுகிற நாளும் வந்தது. என்னுடையது சாதாரணப் போன். நங்கையின் மகன் பக்கத்து வீட்டுப் பெண்ணின் போனுக்குப் படம் அனுப்புவான். ஒரு படத்தில் நாய் மல்லாந்து, நாலு காலையும் விரித்துத் தூங்கியது. உடம்பெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது.

"பெரியம்மா, இது நம்ம நாய்தானா? வெள்ளையடிச்ச மாதிரில்லா இருக்கு."

எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வயிறும் எரிந்தது.

அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் முதலில் வாங்கியது நான்தான். குளிப்பாட்டுவது, சாம்பிராணி போடுவது எல்லாம் என் கையால் நடந்தது. தலை நின்றது. ஒரு நாள் அவளே ஆரம்பித்தாள்.

"பெரியம்மா, போய்க் கூட்டிட்டு வந்துருங்க. படத்தைப் பாத்து நீங்க கண்ணு கலங்குறது எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கியளா? பிள்ளையும் அதுவும் சேந்து வளரட்டும். நான் பாத்துக்கிடுதேன்."

ஒப்புக்குச் சொல்லவில்லை, மனதாரச் சொன்னாள். தன் புருஷன் இரும்பில் ஒரு சின்னக் கேட் வைத்துக் கொடுப்பார் என்றும் சொன்னாள். இனி தடுக்க ஆள் இல்லை. கூட்டி வருவதா, விட்டுவிடுவதா என்பது என் கைக்கு வந்துவிட்டது. என் வாழ்க்கையில் எதையும் நான் தனியாக முடிவு செய்ததில்லை.

கூட்டிக்கொண்டு வந்துவிடுவது என்றுதான் கிளம்பினேன். கழுத்துப் பட்டை ஒன்று வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். தனியாகப் பஸ் ஏறி, பல்லடத்தில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்துப் போனேன். போய் இறங்கினால் தெருவே அமைதியாக இருந்தது. மாதத்துக்கு ஒரு நாள் கரண்டை நிறுத்தி வேலை பார்ப்பார்களே, அந்த நாள். ஒரு தறியும் ஓடவில்லை. தறிச் சத்தம் இல்லாமல் நாய் என்ன பாடு படுகிறதோ என்று வேகமாக நடந்தேன்.

நங்கை வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்து நூல்கண்டுகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். நாய் கட்டிலுக்கு அடியில் இருந்தது. என்னைக் கண்டதும் வந்த வேகத்தில் நான் உட்கார்ந்துவிட்டேன். அழுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டுக்கொண்டு முகம், கை, பை எல்லாவற்றையும் நக்கியது. என் மடியில் பாதி உடம்பை வைத்துக்கொண்டது. முடிவாகிவிட்டது என்று நினைத்தேன். பையைத் திறந்து கழுத்துப் பட்டையை எடுத்தேன்.

அப்போது நூல் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் கேட்டுக்குள் வந்தார்.

எனக்கு நெஞ்சு திக்கென்றது. சட்டென்று எழுந்தேன், நாயின் கழுத்தைப் பிடித்தேன். நாய் குரைத்தது. நான் பிடித்த பிடிக்குள் அதன் உடம்பு பழையபடி உதற ஆரம்பித்தது. என் கையிலிருந்து திமிறிக்கொண்டு பின்னால் போனது, குரைத்துக்கொண்டே போனது. சுவருக்குப் போகவில்லை. நேராகப் போய் நங்கையின் காலில் முதுகை முட்டிக்கொண்டு நின்றது.

நங்கைக்குக் கேட் சத்தமும் கேட்கவில்லை, குரைப்பதும் கேட்கவில்லை. அவர் திடுக்கிடவே இல்லை. கால் மேல் நாய் முட்டியதும், நூல்கண்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் கீழே விட்டு அதன் தலையில் வைத்தார்.

"என்ன சாமி, ஆளு வந்திருக்குதா?" என்று நாயிடம் கேட்டார். பிறகுதான் நிமிர்ந்து கேட்டைப் பார்த்தார். "நூலா? அங்க திண்டு மேல இறக்குப்பா."

நாய் இன்னும் ஒன்றிரண்டு தடவை குரைத்தது. அப்புறம் நிறுத்திக்கொண்டது. மூட்டை இறங்கியது. அது பாயவில்லை.

நங்கை என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இப்பத்தான் புள்ள எனக்கு நிம்மதி. முன்னெல்லாம் ஆளு வந்து வாசல்ல நின்னு தொண்டை கிழியக் கத்திப்போட்டுத் திரும்பிப் போவாங்க. இப்ப இவ வந்து முட்டிச் சொல்லிப்போடறா."

நான் அந்தப் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். அந்த நாய் என்னிடம் இருந்தபோது, யார் வந்தாலும் முதலில் பதறியது யார் என்று யோசித்தேன். வாசலில் நிழல் தெரிந்தாலே என் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அது என் மடியை ஒட்டியே கிடந்த நாய். என் நெஞ்சு அடிப்பது அதற்குக் கேட்டிருக்காதா? அதற்கு நானும் எனக்கு அதுவுமாகப் பயத்தை ஊதி ஊதி வளர்த்திருக்கிறோம். நான் அதன் மேல் வைத்த அன்பில் குறை இல்லை. அது என்னைத் தேடி வந்து மடியில் ஏறியதிலும் பொய் இல்லை. ஆனால் பயந்தபோது போய் ஒட்டிக்கொள்ள அதற்கு ஒரு பயப்படாத கால் வேண்டும். அது இங்கே கிடைத்திருக்கிறது.

வருத்தமாகத்தான் இருந்தது. அதைவிட, யாருக்கெல்லாமோ கும்பிடு போட வேண்டும் போல இருந்தது. கடிபட்டும் கதவு இடித்தது என்று சொன்ன மனுஷருக்கு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாக்கடைச் சந்தில் நடந்தவளுக்கு. வேண்டாம் என்று சொன்னதற்கு முட்டை கொடுத்த பண்ணைக்காரருக்கு. கேட்காத காதுக்கு. இத்தனை பேரையும் எனக்குக் காட்டிக் கொடுத்தது பயந்துபோய் என் கட்டிலுக்கு அடியில் புகுந்த ஒரு குட்டிதானே.

"நங்கை, இது இங்கயே இருக்கட்டுங்க," என்றேன்.

"என்ன?"

"இங்கயே இருக்கட்டுங்க."

"என்ன சொல்றே, பொழுதோட போறேங்கறியா?"

எனக்காகக் கத்திச் சொல்ல அன்றைக்கு மூட்டைக்காரர் இல்லை. தறியும் ஓடவில்லை. நான் மூச்சை இழுத்துக்கொண்டு, என் ஆயுசில் இதுவரைக்கும் போடாத சத்தத்தைப் போட்டேன்.

"கண்ணு இங்கயே இருக்கட்டும். நான் கூட்டிட்டுப் போகலீங்க. உங்களுக்கே குடுத்துட்டேன்."

தெருவில் அடுத்த வீட்டு வாசலிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். நூல்காரர் மூட்டையில் கை வைத்தபடி அப்படியே நின்றுவிட்டார். எனக்கு முகமெல்லாம் சுட்டது.

நங்கை கட்டிலில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

"சரி சரி, கேக்குது. அதுக்கெதுக்கு இந்தக் கத்துக் கத்தறே? நாயி பயந்துக்கப் போகுது."

நாய் ஒரு காதை மட்டும் தூக்கி என்னைப் பார்த்தது. பிறகு அவர் காலடியிலேயே படுத்துக்கொண்டது.